லாபம் போட்டீர்கள், சரி, பணம் வந்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிகப் பக்கத்தைப் பல வருஷமாக விடாமல் படிக்கிறவன் என்ற உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். காலாண்டு முடிவுகள் வரும் சீசனில் ஒரே நாளில் ஏழெட்டு கம்பெனிகளின் செய்தி போடுகிறீர்கள். எல்லாம் ஒரே அச்சு. இன்ன கம்பெனியின் நிகர லாபம் இத்தனை சதவீதம் உயர்வு, வருவாய் இத்தனை கோடி, நிர்வாக இயக்குநர் மகிழ்ச்சி, பங்கு விலை இவ்வளவு ஏறியது. அந்த லாபத்தில் எத்தனை ரூபாய் நிஜமாகவே கம்பெனியின் பேங்க் கணக்குக்கு வந்து சேர்ந்தது, வந்ததில் மெஷினுக்கும் கட்டடத்துக்கும் போனது போக என்ன மிஞ்சியது என்று ஒரு வரியாவது போட்டிருக்கிறீர்களா? நான் பார்த்தவரைக்கும் இல்லை.

செய்திக்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டி விளம்பரங்களும் வருகின்றன. 'தணிக்கை செய்யப்படாத நிதிநிலை முடிவுகளின் சுருக்கம்' என்று பொடி எழுத்தில் இருக்குமே, அதுதான். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி தன் முடிவுகளை ஓர் ஆங்கில நாளிதழிலும், பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியின் மொழியில் ஒரு நாளிதழிலும் வெளியிட வேண்டும் என்று, பங்குச் சந்தையை மேற்பார்க்கும் அமைப்பான செபியின் விதி இருப்பதால்தான் ஓசூர் டைட்டனும் சென்னை டி.வி.எஸ். மோட்டாரும் தமிழ்ப் பத்திரிகையைத் தேடி வருகின்றன. அதாவது தமிழில் படிக்கிற பங்குதாரருக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விதியின் நோக்கம். ஆனால் அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது? மொத்த வருமானம், வரிக்கு முந்தைய லாபம், வரிக்குப் பிந்தைய லாபம், பங்கு மூலதனம், கையிருப்பு நிதி, ஒரு பங்குக்கான வருவாய். பணம் வந்த கணக்கு மட்டும் கிடையாது. இப்போது சில கம்பெனிகள் அதையும் சுருக்கி ஒரு கியூ.ஆர். கோடு மட்டும் அச்சடித்துவிட்டுப் போகின்றன.

இதெல்லாம் பெரிய முதலீட்டாளர்கள் பார்த்துக்கொள்வார்கள், சாதாரண வாசகருக்கு எதற்கு என்று உங்கள் உதவி ஆசிரியர் யாராவது சொல்லலாம். நாட்டில் பங்குகளை வைத்திருப்பதற்கான டீமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2022 ஆகஸ்டில் 10 கோடியைத் தாண்டியது, 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டிவிட்டது. அத்தனை பேரும் ஃபண்டு மேனேஜர்களா என்ன? ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டவர்கள், சம்பளத்தில் மாதம் ஐயாயிரம் ஒதுக்குகிறவர்கள், நகையை விற்று ஐ.பி.ஓ.வுக்கு, அதாவது கம்பெனியின் முதல் பங்கு வெளியீட்டுக்கு, விண்ணப்பித்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இவர்கள் 'லாபம் 32% உயர்வு' என்ற தலைப்பை நம்பித்தான் மறுநாள் காலை 9.15-க்கு வாங்குகிறார்கள்.

லாபம் என்பது கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவது. சரக்கை அனுப்பி பில் போட்ட அன்றைக்கே அது விற்பனை ஆகிவிடும், பணம் ஆறு மாதம் கழித்து வந்தாலும், வராமலே போனாலும். இது தப்பில்லை, கணக்கியல் முறையே அப்படித்தான். அதனால்தான் அதன் பக்கத்தில் இன்னொரு எண்ணும் வேண்டும் என்கிறேன். அந்த எண்தான் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ. தொழிலை நடத்தியதில் வந்த ரொக்கத்திலிருந்து, தொழில் ஓடுவதற்கும் வளர்வதற்கும் வாங்கிய மெஷின், கட்டடம், மென்பொருள் வகையறாவுக்குக் கொடுத்த ரொக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது. கடனை அடைக்கவும், பங்குதாரருக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) கொடுக்கவும், கஷ்ட காலத்துக்கு ஒதுக்கி வைக்கவும் உதவுவது இந்தப் பணம்தான்.

ஒரு கற்பனை மில்லை எடுத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனியையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, எண்கள் எல்லாம் நானே போட்டவை. வரிக்கு முந்தைய லாபம் 52 கோடி, வரி 12 கோடி, நிகர லாபம் 40 கோடி. போன வருஷம் 30 கோடி என்றால் உங்கள் தலைப்பு '33% லாப உயர்வு' என்று வரும். இனி பணத்தைப் பார்ப்போம். 52 கோடியோடு தேய்மானம் 25 கோடியைத் திரும்பக் கூட்ட வேண்டும், ஏனென்றால் மெஷின் பழசாவதற்காகக் கணக்கில் மட்டும் எழுதும் தேய்மானத்துக்கு யாருக்கும் செக் எழுதவில்லை. வட்டி 18 கோடியை இப்போதைக்குக் கூட்டி வைப்போம், பின்னால் வேறு இடத்தில் கழிப்பார்கள். ஆக 95 கோடி. வாடிக்கையாளர்கள் தர வேண்டிய பாக்கி இந்த வருஷம் 38 கோடி கூடிவிட்டது, அதைக் கழியுங்கள். குடோனில் பஞ்சும் நூலும் 22 கோடிக்கு அதிகமாகத் தேங்கிவிட்டது, அதையும் கழியுங்கள். மில் தன் சப்ளையர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தது 6 கோடி கூடியிருக்கிறது, அதைக் கூட்டுங்கள். 41 கோடி. கட்டிய வரி 12 கோடி போனால், தொழிலில் இருந்து வந்த ரொக்கம் 29 கோடி. புதுத் தறிக்கும் ஷெட்டுக்கும் 35 கோடி செலவு. அப்படியென்றால் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மைனஸ் 6 கோடி. தள்ளி வைத்த வட்டி 18 கோடியைக் கொடுத்தால் மைனஸ் 24. அப்புறம் பங்குதாரர்களைச் சந்தோஷப்படுத்த 8 கோடி டிவிடெண்ட் வேறு. மொத்தம் 32 கோடி துண்டு விழுகிறது, பேங்கில் புதுக் கடன் வாங்கித்தான் அடைத்திருக்கிறார்கள். அந்த டிவிடெண்டும் கடன் வாங்கிக் கொடுத்ததுதான். பொய்க் கணக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் சட்டப்படி, 40 கோடி லாபமும் உண்மைதான். ஆனால் இந்த மில்லின் பங்கை வாங்குகிறவருக்கு 32 கோடி என்ற எண் தெரிய வேண்டாமா?

இதைக் கண்டுபிடிக்க சி.ஏ. படிக்க வேண்டியதில்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின்படி, சின்னக் கம்பெனிகள், ஒரு நபர் கம்பெனிகள் போன்ற சில வகைகளைத் தவிர மற்ற எல்லாருக்கும் ரொக்கம் வந்ததையும் போனதையும் காட்டும் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் ஆண்டுக் கணக்கின் கட்டாயப் பகுதி. லாப நட்டக் கணக்கும் இருப்புநிலைக் குறிப்பும் இருக்கும் பக்கங்களை ஒட்டியே இருக்கும். ஏ, பி, சி என்று மூன்று பிரிவு. ஏ பிரிவின் கடைசி வரி, தொழிலில் இருந்து வந்த ரொக்கம். பி பிரிவில் சொத்து, ஆலை, இயந்திரம் வாங்கியது என்று ஒரு வரி இருக்கும், அதோடு கட்டி முடியாத வேலைகளும் மென்பொருள் போன்றவையும் சேர்ந்திருக்கும் அல்லது அடுத்த வரியில் இருக்கும். முதலாவதில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் முடிந்தது. பி பிரிவின் மொத்தத்தை அப்படியே எடுத்துக் கழிக்கக் கூடாது, அதில் மியூச்சுவல் ஃபண்டில் போட்டதும் டெபாசிட்டில் வைத்ததும் கலந்திருக்கும். பையில் இருந்த பணத்தை பீரோவில் வைத்தால் செலவு ஆகிவிடாது இல்லையா. யூடியூபில் பாடம் எடுக்கிற சிலரே இந்த மொத்தத்தைக் கழித்து, நல்ல கம்பெனியை நொடித்த கம்பெனி என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தியக் கணக்கு முறையில் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும், இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒன்று வட்டி. நம் கணக்கியல் தரமான இண்ட் ஏ.எஸ். 7-இன்படி, நிதி நிறுவனம் அல்லாத கம்பெனி கட்டும் வட்டி ஏ பிரிவில் வராது, சி பிரிவில், அதாவது கடன் வாங்கியது அடைத்தது இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் அது தொழில் செலவாகவே ஏ பிரிவில் கழிக்கப்படுகிறது. அதனால் அமெரிக்கப் பாடப் புத்தகத்தின் சூத்திரத்தை அப்படியே எடுத்து இங்கே கடனில் மூழ்கிய ஓர் உள்கட்டமைப்புக் கம்பெனிக்குப் போட்டால், ஃப்ரீ கேஷ் ஃப்ளோ கொழுகொழுவென்று வரும், வட்டி முழுக்க அதற்கு வெளியே இருக்கும். பங்குதாரர் கோணத்தில் பார்க்கிறவர் சி பிரிவுக்குப் போய் வட்டியையும் எடுத்து வந்து கழிக்க வேண்டும்.

இரண்டாவது வாடகை. 2019 ஏப்ரல் 1 முதல் இண்ட் ஏ.எஸ். 116 வந்த பிறகு, நீண்ட கால குத்தகை வாடகையும் ஏ பிரிவிலிருந்து சி பிரிவுக்கு மாறிவிட்டது. ஊருக்கு ஊர் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து நடத்தும் துணிக்கடை, மருந்துக்கடை, சினிமா தியேட்டர் சங்கிலிகளுக்கும், விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் கம்பெனிகளுக்கும் ஒரே ராத்திரியில் தொழில் ரொக்கம் எகிறியது, கல்லாவில் ஒரு ரூபாய்கூடக் கூடாமலேயே. கட்டட உரிமையாளருக்கு மாதம் ஐந்தாம் தேதி வாடகை போய்க்கொண்டுதான் இருக்கிறது. இந்த மாதிரி கம்பெனிகளின் 2019-க்கு முந்தைய கணக்கையும் பிந்தைய கணக்கையும் ஒப்பிட்டு 'ரொக்க வரத்து அபாரம்' என்று எழுதுகிறவர்கள் ஒன்று தெரியாமல் எழுதுகிறார்கள், அல்லது தெரிந்தே எழுதுகிறார்கள். ஊழியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் பங்கு கொடுக்கும் புதுக் கம்பெனிகளில் அந்தச் செலவையும் ரொக்கம் போகவில்லை என்று திரும்பக் கூட்டிவிடுவார்கள், அதன் விலையைப் பழைய பங்குதாரர் கம்பெனியில் தன் பங்கின் விகிதம் குறைவதன் மூலம் கொடுக்கிறார்.

இப்போது எனக்கு நேரடியாகத் தெரிந்த பக்கத்துக்கு வருகிறேன். கோவையில் பம்பு, மோட்டார் உதிரி பாகங்கள் செய்து பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். தொழில் ரொக்கத்தைக் கூட்டிக் காட்டப் பெரிய கம்பெனிக்கு இருக்கும் சுலபமான வழி, சப்ளையருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பது. மார்ச் 31 அன்று பேங்க் இருப்பு தாராளமாகத் தெரியும். பிப்ரவரி கடைசியில் இருந்தே பேமென்ட் நின்றுவிடும், கேட்டால் 'இயர் எண்ட் சார், ஏப்ரல் பத்துக்கு மேலே பாருங்க' என்பார்கள். பட்டறைக்காரர் ஏப்ரல் பத்து வரைக்கும் பேங்க் ஓவர்டிராஃப்டில் வட்டி கட்டிக்கொண்டு, லேபருக்கு வாரச் சம்பளத்துக்கு அலைந்துகொண்டு இருப்பார். அவர் தூக்கமில்லாமல் இருந்த அந்த நாற்பது நாள், அந்தப் பெரிய கம்பெனியின் ஆண்டறிக்கையில் 'நடைமுறை மூலதன மேலாண்மையில் முன்னேற்றம்' என்று வழவழப்பான தாளில் அச்சாகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது, தாமதமானால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள், கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. அப்புறம்தான் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) வந்தது. 2023-24 நிதியாண்டில் இருந்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டு செலவாகக் காட்டி வரி குறைக்க முடியாது, என்றைக்குக் கொடுக்கிறார்களோ அந்த ஆண்டில்தான். இது கொஞ்சம் வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குறு, சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லாத ஆளாகப் பார்த்து ஆர்டரைத் திருப்பிவிடும் வேலையும் நடக்கிறது.

வாசகருக்கு இதில் என்ன என்றால், 2021-22 முதல் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் வயது வாரியான பட்டியல் கட்டாயம். வர வேண்டிய பாக்கியில் ஆறு மாதத்துக்குள் எவ்வளவு, ஒரு வருஷம் தாண்டியது எவ்வளவு, மூன்று வருஷம் தாண்டியது எவ்வளவு என்று ஒரு அட்டவணை. கொடுக்க வேண்டிய பாக்கிக்கும் அதே மாதிரி, எம்.எஸ்.எம்.இ. தனியாக, மற்றவர்கள் தனியாக. ஒரு கம்பெனியின் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ திடீரென்று துள்ளினால் முதலில் அந்த இரண்டு அட்டவணையைப் பாருங்கள். பாக்கி வசூலாகி வந்த பணமா, அல்லது யாருக்கோ கொடுக்காமல் பிடித்து வைத்த பணமா என்று அங்கே தெரிந்துவிடும். பிடித்து வைத்த பணம் ஒரு வருஷம்தான் உதவும், அடுத்த வருஷமும் துள்ள வேண்டும் என்றால் இன்னும் கூடுதலாகப் பிடிக்க வேண்டும்.

லாபத்தை மட்டும் பார்த்து ஏமாந்த கதைக்கு உலகத்தில் பஞ்சமே இல்லை. அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிராண்ட் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் வைத்திருந்த கம்பெனி 1975 அக்டோபரில் திவால் ஆனது. 1973-இல்கூட அதன் பங்கு, வருவாயைப் போல ஏறக்குறைய 20 மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. லாபம் வந்துகொண்டிருந்தது, டிவிடெண்டும் கொடுத்தார்கள். பின்னால் 1980-இல் லார்கே, ஸ்டிக்னி என்ற இரண்டு பேராசிரியர்கள் பழைய கணக்குகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், திவாலுக்கு முந்தைய பெரும்பாலான ஆண்டுகளில் தொழிலில் இருந்து பணம் உள்ளே வரவே இல்லை, வெளியேதான் போயிருக்கிறது. வாடிக்கையாளர்களுக்குக் கடனுக்கு விற்றுத் தள்ளியதும், சரக்கு மலைபோல் தேங்கியதும்தான் காரணம். அந்தக் காலத்தில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டே கட்டாயம் இல்லை, அமெரிக்காவில் அது 1987-இல் வந்த விதி. நமக்கு அது கையில் இருக்கிறது, ஆனாலும் புரட்டிப் பார்ப்பதில்லை.

வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனியின் கதை இதைவிடச் சுவாரஸ்யம். தொழில் ரொக்கத்தோடு நிற்காமல் மூலதனச் செலவையும் ஏன் கழிக்கச் சொல்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மற்ற தொலைபேசிக் கம்பெனிகளின் லைன்களைப் பயன்படுத்துவதற்குக் கொடுத்த கட்டணம், அந்தந்த ஆண்டின் செலவு. அதை வேர்ல்ட்காம் செலவாக எழுதாமல் சொத்து வாங்கியதாக எழுதியது. 2002 ஜூனில் வெளியே வந்தபோது தொகை ஏறக்குறைய 385 கோடி டாலர், ஜூலையில் திவால் மனு. அப்படி எழுதியதால் லாபமும் ஏறியது, தொழில் ரொக்கமும் ஏறியது, ஏனென்றால் ஏ பிரிவில் போக வேண்டிய செலவு பி பிரிவுக்குத் தாவிவிட்டது. ஆனால் இரண்டையும் கழித்துப் பார்த்திருந்தால் எந்தப் பிரிவில் எழுதினாலும் விடை ஒன்றுதான், வெளியே போன பணம் போனதுதான். ஏமாற்றுகிறவர் ஒரு வரியில் மறைத்ததை இன்னொரு வரியில் காட்டியே ஆக வேண்டும்.

அதற்காக மைனஸ் வந்தாலே கம்பெனி மோசம் என்று நான் சொல்லவில்லை, இப்படி நினைத்து நல்ல வாய்ப்பைத் தவற விட்டவர்களும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்குவதற்கு முன்னும் பின்னும் ரிலையன்ஸ் கொட்டிய பணம் கொஞ்சநஞ்சம் இல்லை. கடன் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் 2020-இல் ஃபேஸ்புக் 43,574 கோடி ரூபாய் கொடுத்து 9.99% பங்கு வாங்கியதில் தொடங்கி, ஜியோ பிளாட்ஃபார்ம்ஸில் மட்டும் 1,52,056 கோடி, பழைய பங்குதாரர்களுக்கே விற்ற உரிமைப் பங்கு வெளியீட்டில் 53,124 கோடி என்று திரட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். மைனஸாக ஓட முடிந்தது, ஏனென்றால் பின்னால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வியாபாரம் இருந்தது, பணம் போட ஆளும் இருந்தது. இந்த இரண்டும் இல்லாத ஒரு கம்பெனி அதே வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்பதை நம் டெலிகாம் துறையிலேயே பார்த்தாயிற்று. நெட்ஃபிளிக்ஸ் 2019-இல் ஏறக்குறைய 187 கோடி டாலர் லாபம் காட்டியது, அதே ஆண்டு ஃப்ரீ கேஷ் ஃப்ளோ மைனஸ் 330 கோடி டாலர் அளவில். படம் எடுக்கும்போதே பணம் போய்விடுகிறது, கணக்கில் மட்டும் பல வருஷத்துக்குப் பிரித்துச் செலவு எழுதுகிறார்கள். 2020-இல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றதும் அது சுமார் 190 கோடி டாலர் பிளஸ் ஆகிவிட்டது! அந்த ஒரு வருஷத்தை வைத்து மட்டும் மார்க் போட்டால் தப்பு. குறைந்தது ஐந்து வருஷத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும், ஐந்து வருஷ மொத்த லாபம் எவ்வளவு, ஐந்து வருஷ மொத்தத் தொழில் ரொக்கம் எவ்வளவு என்று. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. லாபத்தில் பாதிகூட ரொக்கமாக வரவில்லை என்றால் யார் எவ்வளவு மகிழ்ச்சி தெரிவித்தாலும் எனக்கு அந்தப் பங்கு வேண்டாம்.

வங்கி, நிதி நிறுவனம், இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இந்தக் கணக்கைப் போடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடன் கொடுப்பதுதான் வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் தொழில், கொடுத்த கடன் தொழிலில் வெளியே போன ரொக்கமாகவே ஏ பிரிவில் கழியும், நன்றாக வளர்கிற நிதி நிறுவனத்துக்கு அதனாலேயே மைனஸ் வரும்.

அப்புறம் சத்யம், கணக்கு மோசடியில் சிக்கிய அந்த ஐ.டி. கம்பெனி. அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது எழுதுவார்கள், 'சத்யத்தில் பணம் இருந்ததாகத்தானே காட்டினார்கள், உங்கள் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்ன செய்தது' என்று. நியாயமான கேள்விதான். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கொடுத்த கடிதத்தின்படி, புத்தகத்தில் காட்டிய 5,361 கோடி ரொக்கம், பேங்க் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. செப்டம்பர் காலாண்டில் 649 கோடி செயல்பாட்டு லாபம் காட்டியது, உண்மையில் 61 கோடி. இருப்பையே பொய்யாக எழுதினால் எந்தச் சூத்திரமும் தோற்கும். ஆனால் மிஞ்சிய பணம் நிஜமாக இருந்தால் அது எங்காவது போய்ச் சேர வேண்டும்: கடன் குறைய வேண்டும், பங்குதாரர் கைக்கு வர வேண்டும், இருப்புக்கு ஏற்ற வட்டி வர வேண்டும். இன்ஃபோசிஸ் தன் காலாண்டு அறிவிப்பிலேயே ஃப்ரீ கேஷ் ஃப்ளோவைத் தனி எண்ணாகச் சொல்கிறது, ஐந்து வருஷக் காலத்தில் அதில் சுமார் 85 சதவீதத்தை டிவிடெண்டாகவோ பைபேக்காகவோ (கம்பெனியே தன் பங்கைத் திரும்ப வாங்குவது) பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுப்பது என்று கொள்கையும் வைத்திருக்கிறது. இல்லாத பணத்தை டிவிடெண்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது.

தமிழ் வாசகருக்கு இதெல்லாம் புரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சீட்டுப் பிடிக்கிற, கைமாற்று வாங்குகிற, ஃபைனான்ஸில் பணம் போட்டுச் சூடுபட்ட ஊர் நம்முடையது. 'வியாபாரம் நல்லாத்தான் போகுது, பணம்தான் வெளியே நிக்குது' என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் கடன் கொடுக்கலாமா கூடாதா என்பது ஈரோடு மஞ்சள் மண்டியில் எல்லாருக்கும் தெரியும். கம்பெனி என்றவுடன் மட்டும் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம், அதற்கு உங்கள் தலைப்புகளும் ஒரு காரணம்.

கேட்பது பெரிய வேலை இல்லை. ஜூன், டிசம்பர் காலாண்டுகளில் பெரும்பாலான கம்பெனிகள் ரொக்கக் கணக்கு கொடுப்பதில்லை, அதனால் உங்களாலும் போட முடியாது. ஆனால் 2019 ஏப்ரல் முதல் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. மே மாதமும் நவம்பர் மாதமும் வரும் முடிவுகளில் அது ஒரு முழுப் பக்கமாக இருக்கும், பி.எஸ்.இ., என்.எஸ்.இ. பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசம், செய்திக்குறிப்பில்தான் இருக்காது. அந்தப் பக்கத்தில் இருந்து நிகர லாபத்துக்குக் கீழே இன்னும் மூன்று எண்: தொழிலில் வந்த ரொக்கம், மூலதனச் செலவு, கட்டிய வட்டியும் குத்தகையும். கழித்துப் போட இடம் இல்லையென்றால் கழிக்காமலே போடுங்கள், நாங்கள் கழித்துக்கொள்கிறோம். நவம்பரில் வருவது ஆறு மாதக் கணக்கு, தீபாவளிக்குச் சரக்கு குவிக்கிற கம்பெனிகளுக்கு அப்போது ரொக்கம் குறைவாகத்தான் தெரியும், அதனால் போன வருஷம் அதே அரையாண்டின் எண்ணைப் பக்கத்தில் போட மறக்காதீர்கள். ஐ.பி.ஓ. செய்திகளிலும், பங்கு சந்தைக்கு வருமுன் வெளியே கைமாறும் கிரே மார்க்கெட்டில் எவ்வளவு பிரீமியம் போகிறது என்று எழுதும் இடத்தைக் கொஞ்சம் குறைத்து, கம்பெனியின் வெளியீட்டு ஆவணத்தில் உள்ள மூன்று வருஷ ரொக்கக் கணக்கைப் போடலாம். 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வந்த பேடிஎம் முதல் நாளே 27 சதவீதம் விழுந்தபோது, கையைச் சுட்டுக்கொண்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள்?

விளம்பரக் கட்டத்தை உங்களால் மாற்ற முடியாது, அது செபி வகுத்த படிவம் என்று தெரியும். அதற்கு நான் செபிக்குத் தனியாக எழுதுகிறேன். செய்தி உங்களுடையது, நவம்பருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்